இரவல் சட்டி

விவசாயியிடம் வாயால் சொல்லி ஒன்றும் நடக்காது. செய்து காட்ட வேண்டும். விவசாய இலாகாவில் சேர்ந்த முதல் வருஷமே இதைத் தெரிந்துகொண்டேன். சுயம்பு எப்படிச் செத்தார் என்றுதானே கேட்கிறீர்கள், அதற்குத்தான் வருகிறேன்.

கொல்லம் ஆண்டு 1109-இல் இராஜாக்கமங்கலம் பக்கம் கும்பப்பூப் பருவ நாற்றங்காலில் வெட்டுக்கிளி விழுந்தது. தவிட்டில் கருப்பட்டியும் பாஷாணமும் பிசைந்து வரப்பில் தூவச் சொல்லிக்கொடுத்தேன். கிளி செத்தது, எனக்கு நல்ல பெயர். ஆனால் பிசைந்த கையைக் கழுவாமல் வெற்றிலை போடுவார்கள். பிசைந்த சட்டியிலேயே கஞ்சி ஊற்றுவார்கள். சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நேசையன் என்ற கூலிக்காரர் அப்படித்தான் வாந்தி எடுத்துச் செத்தார். பேதி என்று சொல்லி அடக்கம் செய்துவிட்டு, மறுநாள் அதே கையோடு வெற்றிலை போட்டார்கள். எங்கே பிசகியது என்று யோசித்தேன். மாதிரி வயலுக்கு ஆள் பொறுக்க ஒரு முறை உண்டு. வயல் பாதையோரம் இருக்க வேண்டும், உடையவர் நாலு பேர் மதிக்கிறவராக இருக்க வேண்டும், கொஞ்சம் வாயாடி என்றால் இன்னும் நல்லது. நேசையனிடம் இதில் ஒன்றும் கிடையாது. பாவம், அவர் சாவு வீணாய்ப் போயிற்று.

அதே ஊரில் வயல் வைத்திருந்த சுயம்புவிடம் இதெல்லாம் இருந்தது. நல்ல மனிதர், இளநீர் வெட்டித் தராமல் அனுப்பமாட்டார். கை கழுவச் சொன்னால் மட்டும் சிரிப்பார்.

"சாரே, இது முப்பது வருசமா மண்ணுல கெடக்க கை. கிளிக்கு வச்சது கிளியத்தான் கொல்லும். நீரு பேடிக்காதயும்."

அவர் மனைவி தாணம்மாள் பிள்ளைகளோடு இரணியலில் தாய்வீட்டுக்குப் போன சமயம் பார்த்தேன். தேவையில்லாமல் யாரும் சாகக் கூடாது, அதில் நான் கவனம். தவிடு பிசைய என்று சுயம்புவிடம் ஒரு சட்டி இரவல் வாங்கினேன். இரவல் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது நம் பக்கத்தில் மரியாதை இல்லை. கருப்பட்டித் துண்டு ஒன்று போட்டுக் கொடுத்தேன். கிளிக்கு வைப்பதைவிட அதில் பாஷாணம் கூடுதல். அவர் அந்தச் சட்டியிலேயே கருப்பட்டிக் காப்பி போட்டு எனக்கும் நீட்டினார். வயிறு சரியில்லை என்றேன்.

கடைசிவரை கூடவே இருந்தேன். வைத்தியருக்கு ஆள் அனுப்பினேன், தூரத்து வைத்தியருக்கு. ஊர் கூடியதும் பிசைந்த சட்டியைத் தூக்கிக் காட்டினேன். அழுதேன் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். அது பொய்யழுகை இல்லை.

இப்போது அந்த ஊரில் கை கழுவாமல் ஒருவரும் வெற்றிலை தொடுவதில்லை. மயிலாடிப் பக்கமும் ஒருவரைப் பார்த்து வைத்திருந்தேன், அதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள்.

பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்து தாணம்மாள் என்னைத் தேடி வந்தாள். "சாரு படிச்சுப் படிச்சுச் சொன்னியளே. அவிய கேக்கலியே" என்றாள். பிள்ளைகளுக்குச் சோறு போடுமுன் சாம்பல் தேய்த்து முழங்கைவரை கழுவிவிடுகிறாள். பார்க்க எனக்கு அவ்வளவு நிறைவு.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதெல்லாம் அவள் காதுக்குப் போக வேண்டாம். கழுவுவதை நிறுத்திவிடுவாள்.