பதினேழாவது அட்டை

லைல்: முழங்கால அகட்டாத. கம்பு ஆடுது பாரு.

மார்னி: கக்கூஸ் அடைப்பெடுக்கிற ரப்பர் கம்ப காலுக்கு நடுவுல வெச்சுக்கிட்டு ஒரு பொம்பள எவ்வளவு நேரம்டா அசையாம உக்காருவா?

லைல்: ராணுவ ஹெலிகாப்டர் ஓட்டப் போறவ, அதையே ஓட்டுற பிடியா நினைச்சு உக்காந்துதான் ஆகணும். இடது கை?

மார்னி: மாவு உருட்டுற கட்டை மேல.

லைல்: கால்?

மார்னி: உன் பூட்ஸ் மேல. இந்தச் சாணி நாத்தத்தோடயே டெஸ்டுக்குப் போனா பக்கத்துல உக்கார்ற அதிகாரி கதவத் திறந்து குதிச்சிருவாரு.

லைல்: நம்ம ஊரு டகோட்டா சாணிடி அது. நீ பயிற்சிக்கு வந்த இந்த அலபாமாவுல தவம் கிடந்தாலும் கிடைக்காது. சரி, விளையாட்டு போதும். மூவாயிரம் அடி. கீழ வேர்க்கடலை வயல். திடீர்னு... வால் விசிறி நின்னுபோச்சு!

மார்னி: ஒண்ணு, மேல் விசிறியத் தானா சுழலவிட்டு இறங்கு. ரெண்டு, இறங்குற இடத்த எட்டிருவோம்னு தெரிஞ்சதும், ரெண்டு எஞ்சின் நெம்புகோலையும் மூடு.

லைல்: சரி. அடுத்தது... எண்ணெய் அழுத்தம் கொறையுது.

மார்னி: மணி என்ன?

லைல்: எண்ணெய் அழுத்தம்னு கேட்டா மணி என்னங்கிற?

மார்னி: சொல்லேன்.

லைல்: அஞ்சு இருபது. எங்க ஓடிப்போகப் போற? டெஸ்ட் நாளைக்குத்தான.

மார்னி: ...கூடிய சீக்கிரம் இறங்கு.

லைல்: அப்பாடா. இந்தத் தடவை "உடனே இறங்கு"ன்னு சொல்லல.

மார்னி: போன மாசம் அந்த ஒரு வார்த்தைக்குத்தான பெயில் போட்டாங்க. செத்தாலும் மறக்காது.

லைல்: புஸ்தகத்துல இருக்கிற மாதிரியே எழுதணும்னா எழுதணும். நாளைக்கு ஒரு வார்த்தை பிசகினா...

மார்னி: ரெண்டாவது பெயில். மூட்டையக் கட்டிக்கிட்டு வீட்டுக்கு. பழையபடி ஸ்கூல் பஸ்.

லைல்: ஸ்கூல் பஸ்ஸுக்கு என்ன கொறச்சல்? எட்டு வருஷம் ஓட்டின. ஒரு பிள்ளைக்குக் கீறல் இல்ல.

மார்னி: கொறச்சல்னு நான் சொன்னேனா? எனக்கு ஒம்பது வயசுல, அந்தப் பெரிய பனியில, எங்க மாடெல்லாம் பதினோரு நாள் மாட்டிக்கிச்சு. அப்பா ஜன்னல்கிட்ட நின்னு அழுதாரு. அப்ப நம்ம மாநிலப் படை ஹெலிகாப்டர் வந்து வைக்கோல் கட்டு போட்டுச்சு...

லைல்: ஓட்டினவரு வார நாள்ல பல் டாக்டர். தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடியே நாலு தடவை சொல்லிட்ட.

மார்னி: அன்னைலேர்ந்து எனக்கு இது ஒண்ணுதான் வேணும், லைல். மூணு தடவை விண்ணப்பம் போட்டு வாங்கின சீட்டு.

லைல்: மாசத்துக்கு ஒரு சனி ஞாயிறு, வருஷத்துக்கு ரெண்டு வாரம்தான் வேலை. அப்படிச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினாங்க.

மார்னி: அதுல உனக்கென்ன இப்ப?

லைல்: ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்... ஆமா, அலமாரி மேல இருந்த பெட்டி எங்க?

மார்னி: கார்ல. சலவைக்குப் போடணும்.

லைல்: அவ்வளவு பெரிய பெட்டியிலயா?

மார்னி: அழுக்கு நெறய இருக்கு. நீ எழுதின கேள்வி அட்டையில அடுத்தத எடு.

லைல்: பன்னண்டு... இல்ல, இத நேத்தே சொல்லிட்ட. இருபத்திரெண்டு...

மார்னி: பதினேழு கேளு.

லைல்: பதினேழு உனக்கு மனப்பாடம்.

மார்னி: பரவாயில்ல, கேளு.

லைல்: ...ஒரு எஞ்சின்ல தீ.

மார்னி: ஒண்ணு, எரியுற எஞ்சினோட நெம்புகோல், மூடு. ரெண்டு, தீயணைப்புப் பிடி, இழு. மூணு, மருந்து சுவிட்ச், போடு. நாலு, கூடிய சீக்கிரம் இறங்கு.

லைல்: ம்.

மார்னி: ம்னா?

லைல்: சரிதான்.

மார்னி: அட்டையப் பாத்துச் சொல்லு.

லைல்: பாத்துட்டுத்தான் சொல்றேன். அட்டையில இருக்கிற மாதிரியே சொல்லிட்ட.

மார்னி: ஒரு வார்த்தைகூட விடலையே?

லைல்: ...இல்ல. காபி போடட்டா?

மார்னி: வேணாம். மணி?

லைல்: அஞ்சு நாப்பது. எதுக்கு அடிக்கடி மணி கேக்குற?

மார்னி: என்கூடப் பயிற்சியில இருக்கிற ஜோலீன் ஆறு மணிக்கு வரச் சொன்னா. இன்னிக்கு அங்கயே தங்கி அவளோட படிக்கிறேன். பதினேழும் சரின்னா இங்க வேலை முடிஞ்சுது. இந்தா, உன் கம்பு. உன் பூட்ஸ்.

லைல்: இப்பவேவா? சாப்பிட்டுப் போயேன். மாட்டுக்கறி சூப் வெச்சிருக்கேன், மார்னி...

மார்னி: பசியில்ல. சாவி எங்க?

லைல்: மேசை மேல... மார்னி.

மார்னி: என்ன?

லைல்: பதினேழு இன்னொரு தடவை சொல்லேன்.

மார்னி: சரிதான்னியே.

லைல்: சரின்னுதான் சொன்னேன்... ரெண்டு எஞ்சின் இருக்குல்ல. அவசரத்துல கை தப்பான நெம்புகோலுக்குப் போயிட்டா என்ன ஆகும்?

மார்னி: நல்லா ஓடுற எஞ்சின மூடிருவேன். எரியுற எஞ்சின் தானா நின்னுரும். உள்ள இருக்கிற நாலு பேரும் கல்லு மாதிரி விழுவோம். ஏன் கேக்குற?

லைல்: சும்மா...

மார்னி: சும்மான்னா நான் கிளம்புறேன்.

லைல்: நில்லு! நில்லு... கதவ மூடு. உக்காரு.

மார்னி: நின்னுக்கிட்டே கேக்குறேன்.

லைல்: அந்த அட்டை தப்பு.

மார்னி: எந்த அட்டை?

லைல்: பதினேழு. புஸ்தகத்துல ஒரு வரி கூட இருக்கு. நெம்புகோல், உறுதி செய், அப்புறம்தான் மூடு. பக்கத்து சீட்டுக்காரனும் பாத்து, ஆமா இதுதான் எரியுதுன்னு சொன்ன பின்னாடிதான் மூடணும். அந்த "உறுதி செய்"ய நான்தான் எடுத்துட்டேன்.

மார்னி: எழுதும்போது விட்டுப்போச்சா?

லைல்: விட்டுப்போகல. சரியா எழுதின அட்டையக் கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதி வெச்சேன்.

மார்னி: ஏன்?

லைல்: மூணு வாரம் முன்னாடி ஊர்லேர்ந்து போன் வந்துச்சு. நம்ம படைப்பிரிவு ஆபீஸ். நீ குளிச்சுக்கிட்டிருந்த. அக்டோபர்ல மொத்தப் பிரிவும் பாலைவனத்துச் சண்டைக்குப் போகுதாம், ஒரு வருஷம். நீ பாஸ் பண்ணிட்டா நீயும் போற, சொல்லிடுங்கன்னான். நான் சொல்லல.

மார்னி: ஏன் சொல்லல?

லைல்: பயந்துட்டேன்டி. நீ இல்லாம அந்த வீட்டுல ஒரு குளிர்காலம்... நினைக்கவே முடியல. ஒரே ஒரு வார்த்தை போனா பெயிலாக்கி அனுப்பிருவாங்க, நீ ரெண்டு நாள் அழுவ, அப்புறம் பஸ் ஓட்டுவ, உசுரோட இருப்பன்னு கணக்குப் போட்டேன். கேள்வித்தாள மட்டும்தான் நினைச்சேன். இத நீ மேலயும் அப்படியே செய்வங்கிறது... ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. மூணு வாரமா தினமும் உன்ன உக்கார வெச்சு உன் சாவ நானே சொல்லிக் கொடுத்திருக்கேன்.

மார்னி: இன்னிக்கும் "சரிதான்"ன.

லைல்: சொன்னேன்.

மார்னி: அட்டையக் கையில வெச்சுக்கிட்டு, என் முகத்தப் பாத்து.

லைல்: ஆமா. அடி, திட்டு, என்ன வேணா பண்ணு. ஆனா அந்த வார்த்தைய ஒரு தடவை சொல்லிட்டுப் போ. கெஞ்சிக் கேக்குறேன்.

மார்னி: உறுதி செய்.

லைல்: இன்னொரு தடவை.

மார்னி: உறுதி செய். போதுமா? மத்த அட்டையெல்லாம் நீல மையில எழுதின. பதினேழு மட்டும் கறுப்பு. பாத்த அன்னிக்கே புஸ்தகத்த எடுத்துப் பாத்துட்டேன்.

லைல்: என்னது? மூணு வாரமா... தெரியுமா?

மார்னி: தெரியும். மறுநாளே ஊருக்குப் போன் போட்டு அக்டோபர் விஷயத்தையும் கேட்டுக்கிட்டேன்.

லைல்: அப்புறம் ஏன்டி தினமும் எங்கிட்ட தப்பாவே ஒப்பிச்ச?

மார்னி: நீ எப்ப திருத்துவன்னு பாத்தேன். ஒவ்வொரு நாளும் "ம்"ன.

லைல்: சரி, நாளைக்கு டெஸ்ட்ல சரியா எழுதிருவல்ல? அது போதும். அக்டோபரப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். நீ போ, ஜோலீன் காத்துக்கிட்டிருப்பா, மணி ஆறாகுது.

மார்னி: டெஸ்ட் நாளைக்கு இல்ல, லைல். இன்னிக்குக் காலைலயே எழுதி, பறந்து, பாஸ் பண்ணிட்டு வந்துட்டேன். கார்ல இருக்கிறது அழுக்குத் துணியும் இல்ல. நீ ஆறு மணி வரைக்கும் வாயத் திறக்காம இருந்திருந்தா, இந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கவே மாட்டேன். போ, பெட்டிய எடுத்து உள்ள கொண்டு வந்து வை... ரெண்டு கையாலயும் தூக்கு, கனமா இருக்கும்.