கோப்பி பெய்த நாள்

— அக்கா, அந்த ஆணியில கைய வைக்காத. படம் சாஞ்சிரும்.

— எதுடா படம்? இதுல ஆளே இல்ல. அடுத்ததுலயும் இல்ல. செவுரு பூரா வெறும் வானம். இதப் பாக்கவா என்னைய சுங்கை சிப்புட்லேருந்து பஸ் ஏறி ஈப்போவுக்கு வரச் சொன்ன?

— நாளைக்குத் தொறப்பு. கூட்டம் வந்துரும். நீ இன்னிக்கே நெதானமாப் பாரேன்னுதான்.

— வானத்தப் பாக்க மாடி ஏறணுமா? வீட்டு வாசல்ல நின்னாத் தெரியுது, ஓசியில. உன் பொட்டோ கடை மொதலாளி தவுக்கே, கல்யாண வீட்டுக்குப் போயி பொட்டோ புடின்னு சொன்னா, நீ விடியக்காலம் மொட்டக் காட்டுல நின்னு ஆகாசத்தப் புடிச்சிக்கிட்டு இருந்திருக்க. ஆறு வருசமா. கடையில எல்லாரும் சிரிக்கிறாங்களாம்.

— சிரிக்கட்டும்லா. கீழ எழுதியிருக்கிறதப் படிச்சியா?

— எனக்கு எவன் படிக்கச் சொல்லிக் குடுத்தான்? நீயே சொல்லு.

— எல்லாமே நம்ம எஸ்டேட்டு வானம்தான். நீங்க காலையில பேரு குடுக்கப் பெரட்டுக்கு வரிசையா நிப்பீங்கள்ல, அதே எடம். இப்ப ஆபிஸும் இல்ல, நாம குடியிருந்த லயமும் இல்ல, ஒரு ரப்பர் மரம் இல்ல. ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் ரெண்டு கணக்கு. மேல உள்ளது, எழுபத்திரண்டுல அதே தேதியில அங்க பெஞ்ச மழை. கீழ உள்ளது இப்ப பெய்யுற மழை. அத நானே அளந்தேன்.

— அளந்து?

— அனேகமா எல்லாப் படத்துலயும் மேல உள்ளது பெருசு. மரத்த வெட்டுனான், அதுக்குப் பின்னாடி இருந்த காட்டையும் வெட்டுனான், மழை கொறஞ்சு போச்சு. இந்தப் படத்தப் பாரு, மஞ்சளா இருக்குல்ல? வெட்டுனத எரிச்ச பொக. அன்னிக்கி சூரியன் வந்ததே தெரியல. வானத்துக்கே என்னமோ ஆயிப்போச்சுக்கா. வாயால சொன்னா எவனும் கேக்க மாட்டான். அதான் கணக்கோட மாட்டியிருக்கேன்.

— பழைய கணக்கு யாரு குடுத்தது?

— எஸ்டேட்டு ஆபிஸ்ல கணக்கு எழுதுன ராஜசிங்கம் கிராணி.

— த்தூ.

— அக்கா, தரையில துப்பாத. சாயங்காலந்தான் கூட்டுனாங்க.

— அந்த ஆளு பேரச் சொன்னா எச்சி வாயில நிக்காதுடா. அம்மா காய்ச்சலோட பெரட்டுக்கு வந்தப்ப, நெருப்பாக் கொதிக்கிற உடம்பப் பாத்துக்கிட்டே, நேரமாச்சு, நாளைக்கு வான்னு பேர அடிச்சான். எஸ்டேட்டு மூடுனப்ப அந்த ஆளுக்கு மாலை போட்டு அனுப்புனாங்களே, லயத்துலேருந்து ஒரு குஞ்சு போவல. நான் மட்டும் போனேன். எதுக்குத் தெரியுமா? வெளியில நிறுத்தியிருந்த அவன் சைக்கிள் சீட்டுல துப்புறதுக்கு.

— மெதுவாப் பேசு. அவரு இப்ப வருவாரு.

— இங்கயா?

— பேர் அட்டையப் பாக்கணும்னாரு.

— வரட்டும்லா. எனக்கென்ன பயம்? இப்ப அந்த ஆளு பெரட்டும் எடுக்கல, நான் மரமும் சீவல.

— தம்பி, உந்த அட்டையைக் கழட்டு.

— வாங்கய்யா. எந்த அட்டை?

— வாசலில தொங்குதே, அது. ‘மழைக் கணக்கு: இராஜசிங்கம், கிராணி.’ கிராணியோ? நான் ஹெட் கிளார்க். துரையின்ர கதிரைக்கு அடுத்த கதிரை என்ர கதிரை. வானத்தை ஒழுங்காப் படம் பிடிக்கத்தான் தெரியேல்லை, ஒரு மனிசனை ஒழுங்கா எழுதவும் தெரியேல்லையே உனக்கு?

— மாத்திடுறேங்கய்யா.

— மாத்து. இதென்ன படங்கள்? ஒண்டிலயும் ஒண்டுமில்லை. என்ர கணக்கை எடுத்துப்போட்டா மிச்சம் வெள்ளையடிச்ச சுவர்தான். என்ர உழைப்புக்குப் பக்கத்தில உன்ர முகிலைக் கொழுவிப்போட்டு, அதுக்குக் கலையெண்டு பேர் வைச்சிருக்கிறாய்.

— அக்காவும் அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு.

— அக்காவோ? ஆர் இது, மாயாண்டியின்ர மூத்தவளோ?

— ஆமா கிராணியாரே. கருப்பம்மா. மறந்திருக்க மாட்டீங்க.

— எப்பிடி மறக்கிறது? பெரட்டில கடைசி ஆள். வாய் மட்டும் எல்லாருக்கும் முதல் வந்து நிக்கும்.

— தம்பி, எனக்கு சிரிப்பா வருதுடா.

— எதுக்கு இப்ப?

— பெரியவரு தன் கணக்கு தன் கணக்குன்னு குதிக்கிறாரே, அதுக்கு. எழுபத்திரண்டுல பெருசாப் பெஞ்சிச்சுன்னு சொன்னியே, அது மழை இல்லடா. நாங்க ஊத்துனது.

— என்னா ஊத்துனீங்க?

— தண்ணி. தூத்தல் போட்டாலே மரம் நனைஞ்சிரும், சீவ முடியாது. வேல இல்ல, சம்பளமும் இல்ல. ஆபிஸ் முன்னால மழை அளக்குற டப்பா இருக்கும்ல, அதுல அரை அங்குலம் நின்னாத்தான் அரை நாள் சம்பளம்னு தொரை சொல்லியிருந்தான். தூத்தலுக்கு எங்கலா அரை அங்குலம் நிக்கும்? ஆபிஸ் தொறக்குறதுக்கு முன்ன நானும் பக்கத்து வீட்டு நல்லம்மாவும் போயி, போத்தல்ல இருக்குறத ஊத்திட்டு வந்துருவோம். அப்புறம் இவரு வருவாரு. மூக்குக்கண்ணாடிய மாட்டி, குனிஞ்சு பாத்து, எங்க தண்ணிய ஒழுங்கா எழுதிக்கிட்டுப் போவாரு. ஹெட் கிளார்க்கு.

— சும்மா சொல்றக்கா நீ.

— எங்கப்பன் மேல சத்தியம். தூத்தல் போட்ட நாளெல்லாம் ஊத்துனோம். எஸ்டேட்டு மூடுற வரைக்கும்.

— அப்ப மழை கொறயவே இல்ல. ஊத்துற ஆளுதான் போயிட்டீங்க.

— என்னைய ஏன்டா மொறைக்கிற? என்கிட்ட கேட்டியா? கிராணிகிட்டதான போயி நின்ன. படிச்ச ஆளாச்சே.

— நாளைக்கு வானிலை ஆபிஸ்லேருந்து வராங்கக்கா. பேப்பர்காரன் வரான். அவங்க முன்னால நின்னு, நீயும் நல்லம்மாக்காவும் ஊத்துன தண்ணியக் காட்டி, உலகம் மாறிப்போச்சுன்னு சொல்லப் போனேனா நான்? ஐயா, நீங்களாவது சொல்லுங்க. இது சொல்றது பொய்தானே?

— உண்மை.

— ஐயா?

— உண்மையெண்டு சொன்னன். காது கேக்கேல்லையோ?

— சரி. நகருங்க. எல்லாத்தையும் கழட்டிடுறேன்.

— கையை எடு. பாதியைக் கேட்டுப்போட்டுப் பாயிறது உங்கட குடும்பத்துக்கே வழக்கம். இஞ்ச பார் கருப்பம்மா, ஒருநாள் மழைமானிக்குள்ள கோப்பி நிண்டது. ஞாபகம் இருக்கோ?

— கோப்பியா?

— சீனி போட்ட கோப்பி. எறும்பு மிதந்தது. ஆர் ஊத்தினது?

— நல்லம்மா. இருட்டுல போத்தல் மாறிப்போச்சு.

— நான் குனிஞ்சு பாக்கேக்க துரை எனக்குப் பின்னால நிக்கிறார். எவ்வளவு எண்டு கேட்டார். அரைக்கு மேல எண்டு சொல்லிப்போட்டு, அவர் எட்டிப் பாக்க முந்திக் கவிட்டு ஊத்தினனான். வானத்தில இருந்து கோப்பி பெய்யுமெண்டு நம்புற மடையன் எண்டோ இவ்வளவு காலமும் என்னை நினைச்சிருந்தாய்?

— அன்னிக்கி எல்லாருக்கும் அரை நாள் சம்பளம் போட்டீங்களே.

— ஓம். எல்லா நாளும்தான் போட்டனான்.

— ஏன்?

— உங்களில இரக்கப்பட்டு எண்டு நினையாத. கள்ளக் கூட்டம். பூட்டுப் போட்டா உடைப்பியள், பிறகு அதுக்கும் நான்தான் துரைக்குப் பதில் சொல்ல வேணும்.

— ஐயா, அப்ப எனக்குக் குடுத்த கணக்கு?

— என்ர வீட்டுப் பின்வளவில இன்னொரு மழைமானி வைச்சிருந்தனான். சுத்திவர வேலி, வேலிக்குள்ள நாய். துரைக்குச் சொன்னது இவள் ஊத்தின தண்ணி. உனக்குத் தந்தது வானம் தந்த தண்ணி. உன்ர படம் எப்பிடியோ போகட்டும், என்ர கணக்கு பிழைக்காது. ஆணியை விட்டுட்டு அட்டையை எழுது.

— எழுதுறேங்கய்யா. இப்பவே எழுதுறேன்.

— கிராணியாரே.

— என்ன?

— அன்னிக்கி, உங்களுக்கு மாலை போட்ட அன்னிக்கி, வெளியில நின்ன உங்க சைக்கிளு சீட்டுல...

— அது மழையில்லை எண்டும் எனக்குத் தெரியும், கருப்பம்மா. கணக்கில சேர்க்கேல்லை.