எங்க ஸ்டாப் இன்னும் வரல

— என்ன தங்கச்சி நீ, சொன்னதையே சொல்லிக்கிட்டு! வழியில இறக்கலாமா கூடாதான்னு பேசறதுக்கு இப்ப நேரமா? இறக்கியாச்சு.

— இறக்கியாச்சா? அண்ணே, அவங்கவங்க ஸ்டாப்பைத் தவிர வேற எங்கயும் பிள்ளைங்களை இறக்கக் கூடாதுன்னு பஸ்லயே எழுதி ஒட்டியிருக்கோம். தாளாளர் ஐயா மீட்டிங்ல இருக்காரு. அவருக்குத் தெரிஞ்சா உங்க வேலை போயிடும்ணே.

— போனா போகட்டும் போ. தரைப்பாலத்துக்கு மேல தண்ணி திடுதிப்புன்னு ஏறிடுச்சு. முன்சக்கரம் பாலத்தை விட்டு இறங்கி, பஸ்ஸு ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது. உங்க ஐயா மீட்டிங் முடியற வரைக்கும் தண்ணி காத்துக்கிட்டு இருக்குமா? எல்லாரையும் கைகோத்து நடக்க வச்சு, மேட்டுல இருக்கற கோழிப்பண்ணையில கொண்டுபோய் உக்கார வச்சேன்.

— அப்பாடா! நல்ல வேலை பண்ணீங்க. ஐயாகிட்ட நான் பேசிக்கறேன். எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல?

— இல்ல தங்கச்சி.

— என்னண்ணே இல்ல?

— ஒண்ணு குறையுது.

— என்ன சொல்றீங்க?

— முயலு இல்ல. அதான், ரெண்டாங்கிளாஸு, முன்பல்லு ரெண்டும் பெருசா இருக்குமே. பண்ணையில எண்ணிப் பாத்தா அதைக் காணோம். அடிச்சுப் புடிச்சு ஓடியாந்தேன். பஸ்ஸுக்குள்ளதான் இருக்கு. கண்ணாடி வழியாத் தெரியுது. சீட்டுக்கு அடியில ஒளிஞ்சிருக்கும் போல, படுபாவி நான் பாக்காம விட்டுட்டேன்.

— ஐயோ! போய்த் தூக்குங்கண்ணே, என்கிட்ட பேசிக்கிட்டு நிக்கறீங்களே!

— எப்படித் தூக்க? பண்ணைக்குப் போய் வர்றதுக்குள்ள தண்ணி இன்னும் ஏறி, எனக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல சுழிச்சுக்கிட்டு ஓடுது. ரெண்டு வாட்டி இறங்கினேன், ரெண்டு வாட்டியும் புரட்டிப் போட்டுடுச்சு. நான் இப்ப பஸ்ஸுக்குப் பின்னாடி, கரையில நிக்கறேன். பின்கதவு எனக்கு நேரா இருக்கு. அது உள்ளேர்ந்து மட்டும்தான் திறக்கும். புள்ள திறந்துட்டு எட்டிக் குதிச்சா நான் புடிச்சுக்குவேன். நிச்சயமாப் புடிச்சுக்குவேன்.

— திறக்கச் சொல்லுங்க!

— தொண்டை கிழியக் கத்திட்டேன். மாட்டேன்னு தலையை ஆட்டுது. "எங்க ஸ்டாப் இன்னும் வரல"ங்குது.

— கடவுளே.

— ஸ்டாப் வராம யார் கூப்பிட்டாலும் இறங்கக் கூடாதுன்னு நீதானே தங்கச்சி ஊர் ஊராப் போய் சொல்லிக் கொடுத்தே. நம்ம நாலு பள்ளிக்கூடத்துலயும், வாய்ப்பாடு மாதிரி.

— போன வருஷம் ஒரு பிள்ளையை எவனோ மாமான்னு சொல்லிக் கூட்டிட்டுப் போகப் பாத்தானே, அதுக்குத்தாண்ணே சொல்லிக் கொடுத்தேன். நல்லதுக்குத்தானே!

— நான் உன்னைக் குத்தம் சொல்லல. அழாதே. தீயணைப்புக்குச் சொன்னியா?

— வேற போன்ல சொல்லிட்டேன். பெரிய பாலம் சுத்தித்தான் வரணுமாம். நேரமாகுங்கறாங்க. நம்ம இன்னொரு பஸ்ஸும் ரிப்பேராகி ஷெட்டுல கிடக்கு. நான் இங்க உக்காந்துக்கிட்டு என்னண்ணே பண்ணுவேன்?

— வயர்லெஸ்ல கூப்பிடு. பஸ்ஸுல செட்டு இன்னும் உயிரோடதான் இருக்கு. தினம் காலையில ஒரு புள்ளையை விட்டு உனக்கு குட்மார்னிங் சொல்ல வைப்பேன்ல, அதுக்கும் பொத்தான் அமுக்கத் தெரியும். போனை வச்சிடாதே, பக்கத்துலயே வச்சுக்க.

— சரிண்ணே. முயலு? முயலு கண்ணு, கேக்குதா? ஆபீஸ் அக்கா பேசறேன்.

— குட்மார்னிங் அக்கா.

— குட்மார்னிங்டா தங்கம். பயமா இருக்கா?

— ஷூ நனைஞ்சு போச்சு. அம்மா திட்டுவாங்க.

— திட்ட மாட்டாங்க, நான் சொல்றேன். இப்ப அக்கா சொல்றதைக் கேளு. பின்னாடி ஒரு சிவப்புக் கைப்பிடி இருக்கு பாரு. அதை மேல தூக்கு. கதவு திறந்துக்கும். வெளிய டிரைவர் மாமா நிக்கறாரு. அவர்கிட்ட குதிச்சிடு.

— அது எங்க ஸ்டாப் இல்லையே.

— இன்னிக்கு மட்டும் அதுதான் ஸ்டாப்.

— மாமாவும் அப்படித்தான் சொன்னாரு.

— தங்கச்சி! பஸ்ஸு நகருது! பின்பக்கம் தூக்குது, சீக்கிரம் சொல்லு!

— முயலு, செல்லம்ல, ஓடிப்போய்த் திறடா! உன் ஸ்கூலுக்கு வந்து பாடம் எடுத்தேனே, அந்த அக்காதான்டா நான். ஸ்டாப்ல மட்டும்தான் இறங்கணும்னு சொன்னவளே நான்தான்! இப்ப நானே சொல்றேன், இறங்கு!

— அந்த அக்கா குரல் மாதிரிதான் இருக்கு.

— மாதிரி இல்லடா, நானேதான்!

— தங்கச்சி, திறக்கலையே! இன்னும் அங்கயேதான் உக்காந்திருக்கு!

— முயலு! உன் கால்ல விழறேன்டா, கதவைத் திற!

— மாட்டேன். "என் குரல்லயே யாராவது வந்து கெஞ்சினாலும் இறங்கக் கூடாது"ன்னு அந்த அக்காதான் சொன்னாங்க.