வெள்ளிக்கிழமை அம்புக்குறி

சுதாராணி: …பம்பரம் செவப்பா இல்லைங்க. திரையில மிளகாப்பழம் மாதிரி மின்னுது. அச்சடிச்சு சாம்பிள் எடுத்துப் பாத்தா செங்கல் நெறம்.

திருப்பதி: எந்தப் பம்பரம்?

சுதாராணி: கழுகுமலை சுந்தரபாண்டி அண்ணாச்சி தீப்பெட்டி லேபிள். நேத்து நம்ம டிசைன் கடையப் பூட்டுறப்ப நல்லாத்தான் இருந்துச்சு.

திருப்பதி: ஏட்டி, வெள்ளிக்கிழமை வந்தாப் போதும், நம்ம கம்ப்யூட்டருக்குச் சாமி வந்துருமா?

சுதாராணி: உங்களுக்கு சவுதில, தம்மாம்ல வெள்ளிக்கிழமைதான லீவு… அதுக்கும் தெரிஞ்சிருக்கு.

திருப்பதி: சரி, திரையில வார நம்பரைச் சொல்லு. இங்கன இருந்தே நம்ம கம்ப்யூட்டருக்குள்ள வந்து பாக்குதேன். அனுமதி கேக்கும், அமுக்கு.

சுதாராணி: அமுக்கிட்டேன்… ஆங், வந்துட்டீங்க.

திருப்பதி: எப்படித் தெரியும்?

சுதாராணி: அம்புக்குறி தானா நகருது.

திருப்பதி: நான்தான் நகட்டுதேன். நீ மவுசத் தொடாத.

சுதாராணி: தொடலை.

திருப்பதி: பொய் சொல்லாதட்டி. ரெண்டு பக்கமும் இழுக்குது.

சுதாராணி: சும்மா… கைய மேல வச்சிருந்தேன்.

திருப்பதி: இந்தா பாரு, கலரு ஆர்ஜிபிக்கு மாறிக் கிடக்கு. அது திரையில பாக்குறதுக்கு. அச்சுக்குப் போறதுன்னா சிஎம்ஒய்கேல இருக்கணும். எத்தன தடவை சொல்லிருக்கேன்?

சுதாராணி: இதோட எட்டு.

திருப்பதி: எண்ணி வேற வச்சிருக்கியா?

சுதாராணி: வெள்ளிக்கிழமைய எண்ணாம வேற எதை எண்ண?

திருப்பதி: …இதென்ன பேரு? ‘பம்பரம் பைனல்’, ‘பம்பரம் பைனல் புதுசு’, ‘பம்பரம் இதான் பைனல்’…

சுதாராணி: சிரிக்காதீங்க. அண்ணாச்சி ஒருநாள் பம்பரத்துக்குக் கயிறு வேணும்னாவ, மறுநாள் வேண்டாம்னாவ. நான் என்ன செய்ய?

திருப்பதி: தேதியும் பார்ட்டி பேரும் போட்டு வை. நாளைக்கு வேற ஆளு வந்து உக்காந்தாலும் தேடாம எடுக்கணும்.

சுதாராணி: வேற ஆளா? யாரு வரப்போறா?

திருப்பதி: ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

சுதாராணி: உங்க நாற்காலில நான் யாரையும் உக்கார விடுறதில்ல. வாரவங்க பைய வச்சாக்கூட எடுத்துக் கீழ வச்சிருதேன்.

திருப்பதி: …சரி, எழுதிக்கோ. அச்சாபீசுக்கு அனுப்பறதுக்கு முன்ன எழுத்தையெல்லாம் கர்வ் ஆக்கி, படமா மாத்திரு. இல்லாட்டி அவங்க கம்ப்யூட்டர்ல நம்ம எழுத்து இருக்காது, கட்டம் கட்டமா வரும்.

சுதாராணி: எழுதுதேன்.

திருப்பதி: செஞ்ச வேலை எல்லாம் மூணு எடத்துல இருக்கணும். கம்ப்யூட்டர்ல ஒண்ணு, நெட்ல ஒண்ணு, ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு. அந்த டிஸ்க்கைக் கடையில வைக்காத, வீட்டுக்குக் கொண்டு போயிரு.

சுதாராணி: இன்னைக்கு என்ன… ஒரு நாளும் இல்லாம இவ்வளவு பாடம்?

திருப்பதி: தெரிஞ்சு வச்சுக்கோயேன். அப்புறம் மெயில். கடைக் கம்ப்யூட்டர்ல திறந்து போட்டுட்டுப் போகாத. பாத்து முடிச்சா வெளிய வந்துரணும். நாலு பேரு வந்து போற எடம்.

சுதாராணி: மெயிலை… மூடணும். எழுதி அடிக்கோடும் போட்டுட்டேன்.

திருப்பதி: எதுக்குச் சிரிக்க?

சுதாராணி: ஒண்ணுமில்ல. கார்த்திகையோட ஒப்பந்தம் முடியுதுல்லா? டிக்கெட் போட்டாச்சா?

திருப்பதி: பாக்கணும்… அங்கன மழை உண்டா?

சுதாராணி: மேகம் இறங்கி நிக்குது. கயத்தாறு ரோட்டுல ரெண்டு பக்கமும் விதைச்சுட்டாங்க. நேத்து லேசாத் தூறுனதுக்கே கடைவாசல் பூரா கரிசமண்ணு. செருப்புல அப்பிக்கிட்டு வாரவங்களை நீங்க வைவீங்கள்லா… அது கேக்கணும் போல இருக்கு.

திருப்பதி: எனக்கு மட்டும் ஆசையில்லையா சுதா? இங்கன ரூம்ல ஆறு பேரு கெடக்கோம். பேசறதுக்கு ஆளு உண்டு. உரிமையா வையுறதுக்குத்தான் ஆளு இல்ல. இரு, பேக்கப் ஒழுங்கா ஓடுதான்னு பாத்துருதேன்.

சுதாராணி: அது நல்லா ஓடுது. நீங்க விடுங்க.

திருப்பதி: அட, ஏட்டி, இரு. நாம சேவ் பண்ணதெல்லாம் நெட்ல மணியோட நிக்கும்… இந்தா. நேத்து சாயந்திரம் ஏழேகால், சிஎம்ஒய்கே. சரியா இருக்கு. இன்னைக்குக் காலைல ஒம்பது அம்பது… மாறிருக்கு. போன வெள்ளி வேற லேபிள். அதுவும் ஒம்பதே முக்கால். அதுக்கு முந்துன வெள்ளி…

சுதாராணி: போதுங்க.

திருப்பதி: இது தானா மாறல. நீதான் மாத்திருக்க.

சுதாராணி: ஆமா.

திருப்பதி: எதுக்குட்டி? நான் இல்லாம கடை ஓடாதுன்னு காட்டுனா, நான் வந்துருவேன்னா? சுதா… ஒண்ணு சொல்லணும். வையாத. எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்ல முடியல. சொந்தமா ஒரு பிரிண்டிங் மிஷின் போடணும்னா… இங்கன இன்னும்…

சுதாராணி: ரெண்டு வருஷம். ஆவணிலயே புது ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டீங்க. ரெண்டாம் பக்கத்துல, அடியில.

திருப்பதி: யாரு சொன்னா?

சுதாராணி: உங்க மெயிலு. தம்மாமுக்குப் போறன்னைக்கு இந்தக் கம்ப்யூட்டர்லதான திறந்தீங்க? அதை நீங்க மூடவே இல்ல. ஒப்பந்தத்தைப் பாத்த அன்னைக்குப் பூரா கடை திறக்கல. அழுதேன். மறு வெள்ளிதான் முதத்தடவையா கலரை மாத்துனேன்.

திருப்பதி: அப்ப எட்டு வெள்ளியும் தெரிஞ்சுதானா? நான் வரப்போறதில்லன்னு தெரிஞ்ச பிறகு எதுக்கு மாத்துன?

சுதாராணி: நீங்க வரமாட்டீங்க. அம்புக்குறி வரும்லா… மூடிராதீங்க. இன்னும் கொஞ்ச நேரம் சும்மா நகட்டிக்கிட்டு இருங்க. நான் மவுசத் தொடல.