மாமி தந்த பச்சை முட்டை

பெயர்: நிலக்சி விநாயகமூர்த்தி. வயது: பதின்மூன்று. விலாசம்: கனடா, ஸ்காபரோ, எக்ளின்ரன் கிழக்கு வீதி, அடுக்குமாடிக் கட்டடம், ஐந்தாம் மாடி. எட்டாம் வகுப்பு மாணவி. ஆங்கிலம் தெரியும், இந்த வாக்குமூலத்தைத் தமிழில் சொல்ல அனுமதி கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் நவரட்ணம் அருகில் இருக்கிறார்.

சென்ற வருடம், 1995 இல், என் அம்மா எங்களிடம் கனடாவுக்கு வரமுன்னரே, யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து போகும் வழியில் காய்ச்சலால் இறந்தார். அதன் பின்னர் இங்கே அப்பா வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்தபடி இருந்தார். குளிர்காலத்தில் அவரை மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். அதன் பின்னர் எதிர்வீட்டு மக்டலீன் அன்ரி என்னைத் தன்னுடன் வைத்திருந்தார். அவர் எங்களுக்கு உறவினர் அல்லர். கத்தோலிக்கர்.

அதன் பின்னர் மார்ச் மாதம் நான் பெரியபிள்ளையானேன். அன்ரி உடனே அஜக்ஸ் நகரில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு ரெலிபோன் எடுத்தார். பெரியப்பாவின் குரல் பெரிது, எனக்கும் கேட்டது.

"இப்பதான் புது வீடு குடிபூந்தனாங்கள், தங்கச்சி. துடக்குத் தீட்டோட இஞ்ச கூட்டிக்கொண்டு வராதேங்கோ."

"சரி அண்ணை, வீட்டைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருங்கோ" என்று அன்ரி ரெலிபோனை வைத்துவிட்டார்.

அதன் பின்னர் என்னை உடுப்போடு இருத்தித் தலையில் தண்ணீர் வார்த்தார். "மாமிதான் வார்க்கோணும். இண்டைக்குத் துவங்கி நான் உனக்கு மாமி. இனி அன்ரி எண்டால் வாயில போடுவன்" என்றார். அவர் அடிக்கவில்லை. அது பகிடி.

அதன் பின்னர் எங்கள் வழக்கப்படி பாடசாலைக்குப் போகாமல் அறையில் இருந்தேன். கதவு பூட்டப்படவில்லை. காலையில் வெறும் வயிற்றில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் தந்தார். எனக்கு ஓங்காளித்தது. "நானும் குடிக்கிறன் பார், குஞ்சு" என்று மாமியும் ஒன்றைக் குடித்தார். அவர்தான் சத்தி எடுத்தார்.

அதன் பின்னர் வகுப்பாசிரியை ரெலிபோனில் ஏன் வரவில்லை என்று கேட்டார். காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. வெளியே போகக்கூடாது, பச்சை முட்டை குடிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அதன் பின்னர் பொலிசாரும் சிறுவர் நல உத்தியோகத்தர் ஒருவரும் வந்து என்னை வேறொரு வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மாமி என்னை அடைத்து வைத்துத் துன்புறுத்தியதாகச் சொல்கிறார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை.

நான் இப்போது இருக்கும் வீட்டில் எனக்கென்று தனி அறை உண்டு. அவர்கள் மரியாதையாக நடத்துகிறார்கள். பெரியப்பா என்னை எடுக்க இப்போது சம்மதம் என்கிறார். துடக்குக் கழிந்துவிட்டது.

எங்கே இருக்க விரும்புகிறாய் என்று கேட்டார்கள். மாமியிடம் என்றேன்.

இன்று நான் இங்கே வந்தபோது மாமி வெளியே நீண்ட மரவாங்கில் உட்கார்ந்திருந்தார். என்னுடன் பேசக்கூடாது என்று அவருக்குக் கட்டளை. அவர் விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய், சாப்பிட்டாயா என்று சைகையால் கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன்.

அது பொய். இங்கே நான் சொன்ன மற்ற எல்லாம் உண்மை. வாசித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) வி. நிலக்சி