குளத்தடி இராச்சியத்தின் கடைசி அத்தியாயம்

தம்பி கிருசாந்தன்,

கதை எழுதுகிறவனுக்குக் கிழமைநாட்கள் முக்கியம். மனம் வந்தபோது எழுதுவதெல்லாம் எனக்குச் சரிவராது. திங்கட்கிழமை வாசிப்பேன்; கையில் என்ன கிடைக்கிறதோ அது, அட்டை கிழிந்த பழைய சஞ்சிகையானாலும் சரி. செவ்வாயும் புதனும் எழுதுவேன். வியாழக்கிழமை ஸ்ரென்சில் தாளில் கூரிய ஆணியால் எழுத்து வெட்டுவேன். வெள்ளிக்கிழமை சிவலட்சுமி ரீச்சரின் ரியூசன் கொட்டிலில் இருந்த கையால் சுற்றும் றோனியோ இயந்திரத்தில் பிரதி எடுப்பேன். சனிக்கிழமை சைக்கிளில் கொட்டில் கொட்டிலாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஞாயிறு பின்னேரம் பாலை மரத்தடியில் எல்லோரையும் இருத்தி நானே வாசிப்பேன். ஒரு கிழமை தவறியது கிடையாது. மலேரியாக் காய்ச்சலோடும் எழுதியிருக்கிறேன்.

நேற்று நீர் என் படலையில் ஊன்றுகோலோடு நின்று, "அண்ணை, நடந்ததை ஒண்டும் விடாமல் எழுதித் தாங்கோ" என்று கேட்டீர். சத்தம் போடவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. அதனால் ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

நான் கிளிநொச்சியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தவன். தொண்ணூற்றாறில் ஷெல்லடிக்குப் பயந்து ஊரே கிளம்பியபோது நானும் கிளம்பி, துணுக்காய்ப் பக்கம் இந்தக் கரம்பைக்குளத்துக்கு வந்து சேர்ந்தேன். இங்கே அச்சகம் இல்லை. கடதாசியும் இல்லை. பிள்ளைகளின் பழைய கொப்பிகளில் எழுதாமல் விட்ட பக்கங்களைக் கிழித்து எடுத்தேன். விளக்குக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து மை செய்தேன். ஒரு பத்திரிகைக்கு என் கதையை அனுப்பிப் பார்த்தேன். அங்கிருந்தவர் அதைத் திருப்பித் தந்து, "சனம் படுற பாட்டிலை மாயக்கதை ஆருக்கு வேணும் யோகலிங்கம்?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. நானே வெளியிடுவதென்று முடிவெடுத்தேன்.

தொண்ணூற்றெட்டுத் தை மாதம் 'குளத்தடி இராச்சியம்' தொடங்கியது. குளத்துக்கு அடியில் ஒரு நாடு. இடம்பெயரும்போது வழியில் தவறியவர்கள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். அங்கே தடைமுகாம் இல்லை, வருடத்துக்கு மூன்று போகம் விளையும். நீலவாகன் என்றொரு பொடியன் தன் பெயரை மறந்துபோய் அங்கே அலைகிறான். இதுதான் கதை. முதல் எட்டு அத்தியாயங்களை முப்பது பேர்கூட வாசித்திருக்க மாட்டார்கள். வாங்கியவர்களில் சிலர் அதில் பீடி சுற்றினார்கள்.

ஒன்பதாவது அத்தியாயம் வெளிவந்த கிழமை உம்முடைய அம்மா என்னைத் தேடி வந்தா. வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணி இருக்கும். கையில் அந்தத் தாள் மடித்தபடி இருந்தது.

"தம்பி, இந்தப் பொடியன் என்ரை கிருசாந்தன் மாதிரியே கதைக்கிறான். உங்களுக்கு அவனைத் தெரியுமோ?"

"இல்லை அக்கா. இது கற்பனை."

"கற்பனையெண்டால் அது எங்கையிருந்து வருது?"

இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. கதிரையைத் துடைத்துப் போட்டு இருக்கச் சொன்னேன். உம்மைப் பற்றி முழுவதும் சொன்னா. பதினேழு வயது, சனத்தோடு நடக்கும்போது அரிசி மூட்டையை எடுத்துவருகிறேன் என்று வீட்டுக்குத் திரும்பி ஓடினீராம். ஷெல் விழத் தொடங்கியது. சனம் அவவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. அதற்குப் பிறகு உம்மைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உம்முடைய இடது புருவத்தில் தழும்பு இருக்கிறதென்றும், சாப்பிடும்போது கதைத்தால் உமக்குப் புரையேறும் என்றும் சொன்னா. பத்தாவது அத்தியாயத்தில் நீலவாகனுக்குப் புருவத்தில் தழும்பு வந்தது. பதினோராவதில் அவனுக்குப் புரையேறியது.

அதன்பின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாலு மணிக்கு அக்கா வருவா. நான் நல்லது செய்தேன் என்பதையும் நீர் அறிந்திருக்க வேண்டும். கொட்டிலுக்குள் சுவரைப் பார்த்தபடி கிடந்த மனுசி சீப்பெடுத்துத் தலை இழுக்கத் தொடங்கினா. பாலை மரத்தடியில் முன்னுக்கு வந்து இருந்தா. அவவின் பக்கத்துக் கொட்டில் நேசமலர் ஒருநாள் என்னை மறித்து, "அக்கா சிரிக்கிறா அண்ணை. உங்களுக்குக் கோயில் கட்டலாம்" என்றா.

ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை உம்முடைய முதற் கடிதம் வந்தது. வவுனியாவுக்குப் பயண அனுமதிப் பாஸ் எடுத்துப் போய்வருகிற யாவாரி இளையதம்பி அண்ணை அங்கிருந்து கடிதங்கள் கொண்டுவருவார். எல்லாக் கொட்டிலும் எனக்குத் தெரியும் என்பதால், கதைப் பிரதிகளோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்லி அவற்றை என்னிடம்தான் தருவார். வழியில் தடைமுகாமில் ஆமிக்காரர் பிரித்துப் பார்ப்பார்கள் என்று ஒருவரும் கடிதம் ஒட்டுவதில்லை. நான் வாசித்தேன்.

"அம்மா, நான் சாகேல்லை. வவுனியா முகாமிலை இருக்கிறன். வலது கால் முழங்காலுக்குக் கீழை இல்லை, மற்றும்படி சுகம். விடியக்காலமை தண்ணிக்கு வரிசையிலை நிக்கேக்கை முன்னுக்கு நிக்கிற எல்லாப் பொம்பிளையளின்ரை முதுகும் உங்கடை முதுகு மாதிரி இருக்கும். ஒராள் திரும்பினால்தான் நீங்கள் இல்லையெண்டு தெரியும்."

இதை நான் ஒளிக்க விரும்பவில்லை: எனக்குப் பொறாமை வந்தது. இருபது வருடமாக எழுதுகிறேன். அந்த முதுகை என்னால் எழுதியிருக்க முடியாது.

ஒரு கிழமை பிந்திக் கொடுத்தால் என்ன என்று நினைத்தேன். பெரிய காரியமாகத் தோன்றவில்லை. அந்தக் கிழமை நீலவாகன் நீருக்கடியில் ஊற்றொன்றின் முன் வரிசையில் நின்றான். முன்னால் நின்ற பெண்களின் முதுகெல்லாம் அவனுக்குத் தாயின் முதுகாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் அதை வாசித்தபோது அக்கா எழுந்து நின்றா. "அது அவன்தான். அவன் அங்கைதான் இருக்கிறான்" என்றா. சனம் அழுதது. நான் வாசிப்பை நிறுத்தவில்லை. அடுத்த கிழமை ஐந்து வீட்டார் தங்கள் தவறிய ஆட்களின் விவரத்தோடு என்னிடம் வந்தார்கள். அதற்கடுத்த கிழமை பதினான்கு பேர் வந்தார்கள். புதுக்குடியிருப்பிலிருந்துகூட ஒருவர் பஸ் ஏறி வந்து தன் மகளின் பெயரைத் தந்துவிட்டுப் போனார். அந்த நேரத்தில் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அக்கா ஒருத்திக்குத்தான் மகன் கிடைப்பான். மற்றவர்களுக்குக் குளத்தடியில் ஒரு நாடும் இல்லாமல் போய்விடும். அப்படித்தான் கணக்குப் பார்த்தேன்.

உமக்குப் பதில் வந்ததல்லவா. அம்மா சொல்லச் சொல்ல வேறு யாரோ எழுதியதாக நினைத்திருப்பீர். அந்தப் பதில்களை எழுதியது நான்தான். அம்மா சுகம், இங்கே வழி சரியில்லை, வரவேண்டாம், ஆனால் அடிக்கடி எழுது, முகாமில் நடப்பதெல்லாவற்றையும் எழுது என்று எழுதினேன். நீரும் பணிவான பிள்ளை, எழுதினீர். ஐப்பசிக்குள் ஐந்து கடிதம். நீலவாகன் வாய் திறந்தபோதெல்லாம் நீர் பேசினீர். பிழை திருத்துபவன் என்ற முறையில் நான் சில இடங்களில் ஒற்றெழுத்து மட்டும் போட்டேன்.

சிவலட்சுமி ரீச்சர் கெட்டிக்காரி. ஒரு வெள்ளிக்கிழமை றோனியோவின் கைபிடியைப் பிடித்தபடியே சொன்னா: "அண்ணை, அந்த மனுசி இதைக் கதையெண்டு நினைக்கேல்லை. குளத்துக்கட்டிலை போய்த் தனிய இருந்து கதைக்கிறாவாம். ஒருக்கா விளங்கப்படுத்துங்கோ."

"சொல்லுறன் ரீச்சர்" என்றேன். சொல்லவில்லை.

கார்த்திகை கடைசியில் அக்கா வழக்கம்போல வந்தா. ஆனால் கதை கேட்கவில்லை. நேசமலருக்கு நெஞ்சு வருத்தத்துக்கு வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போகப் பாஸ் கிடைத்திருக்கிறதென்றும், துணைக்குத் தன் பெயரையும் போட்டிருக்கிறதென்றும் சொன்னா.

"தையிலை போறம் தம்பி. மனம் ரெண்டாய் நிக்குது. குளத்துக்குக் கீழை இருக்கிறானெண்டு ஒரு மனம் சொல்லுது. முகாமுகளிலையும் ஒருக்காக் கேட்டுப்பாரெண்டு மற்ற மனம் சொல்லுது. கேட்டுப்பாக்கிறதிலை பிழை இல்லைத்தானே?"

பிழை இல்லை என்றுதான் சொன்னேன். தேநீர் போட்டுக் கொடுத்தேன். அவ போனபின் நெடுநேரம் யோசித்தேன். வவுனியாவில் இறங்கி ஒரு முகாமில் விசாரித்தால் போதும், ஒரே நாளில் உம்மைக் கண்டுபிடித்துவிடுவா. அன்றைக்கே ஐந்து கடிதமும் ஐந்து பதிலும் வெளிக்கு வரும். பிறகு பாலை மரத்தடிக்கு யார் வருவார்கள்? தங்கள் பிள்ளைகளின் பெயரை என்னிடம் தந்த அத்தனை பேரையும் நினைத்துப் பார்த்தேன். நான் என்னை மட்டும் நினைத்தேன் என்று நீர் எண்ணக்கூடாது.

அடுத்த கிழமை கடைசி அத்தியாயம் எழுதினேன். இரண்டு விதமாக எழுதினேன். ஒன்றில் நீலவாகனுக்குத் தன் பெயர் நினைவுக்கு வருகிறது, நாடு முழுவதும் விளக்கேற்றுகிறார்கள். அது எல்லோருக்கும். ரீச்சரிடம் கொடுத்து உருட்டியது அதைத்தான். மற்றதை நாலு தாளில் கையால் எழுதினேன். ஒரே ஒரு பிரதி.

அதில் கதவு எங்கே இருக்கிறதென்று எழுதியிருந்தது. மாரியில் குளம் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் வழிந்து வான் பாயத் தொடங்கிய மறுநாள், விடிந்து வெயில் ஏறுமுன், தண்ணீர் வெளியேறும் துருசுக்குப் பக்கத்தில் கதவு திறக்கும். தாய்மாருக்கு மட்டும் திறக்கும். பயப்படாமல் இறங்குகிறவளை அவளுடைய பிள்ளை வந்து கைபிடித்துக் கூட்டிப்போவான். குளத்துக்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் குளக்கட்டில் நிற்கும் இரட்டை மருதமரத்தையும் உடைந்த கற்படியையும் எழுதினேன். அவ தினமும் போய் இருந்த இடம் அது.

சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு தரம் வாசித்தா.

"இதை ஆருக்கும் காட்டக்கூடாதோ தம்பி?"

"காட்டக்கூடாது அக்கா. கனபேர் போனால் கதவு திறவாது."

"அப்ப வவுனியாவுக்கு?"

"அது உங்கடை விருப்பம் அக்கா."

கவனியும், நான் வற்புறுத்தவில்லை.

புதன்கிழமை பெரும் மழை. பின்னேரம் குளம் வான் பாய்ந்தது. வியாழக்கிழமை விடியப்புறம் அக்கா குளித்து, வெளுத்த சீலை உடுத்து, நீர் போடவென்று வாங்கி வைத்திருந்த சேட் ஒன்றையும் ஒரு சோற்றுப்பொதியையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறா. கோயிலுக்குப் போகிறா என்று நேசமலர் நினைத்துக்கொண்டா. மத்தியானம் வயலுக்குப் போனவர்கள் கண்டார்கள். தூக்கிவந்தவர்களில் நானும் ஒருவன். சேட்டைக் கையிலிருந்து எடுக்க முடியவில்லை, அப்படியே விட்டோம். சனம் குளிக்கப்போய்த் தவறி விழுந்ததென்று கதைத்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை, அடுத்த கதையைப் பிரதி எடுக்கப் போனேன். ரீச்சர் அழுதுகொண்டே கைபிடியைச் சுற்றினா. அந்தக் கிழமையும் தவறவில்லை.

அதற்குப் பிறகும் உமக்கு அம்மாவிடமிருந்து கடிதம் வந்துகொண்டிருந்தது. இரண்டரை வருடத்தில் பதினொன்று. இதற்காக நீர் என்னை வெறுப்பீர், தெரியும். ஆனால் அம்மா செத்துவிட்டா என்று ஒற்றைக் காலோடு முகாமில் கிடக்கிற பிள்ளைக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. எழுதும்போது அவவின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்கும். சில சொற்களை நான் யோசிக்கவே தேவையில்லை, அவவே சொல்லுவா. இப்போதும் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் படலை கிறீச்சிடும். எழும்பிப் பார்ப்பேன். ஒருவரும் இல்லை. ஆனாலும் கதிரையைத் துடைத்துப் போட்டுவிட்டு வந்து இருப்பேன். சில நாட்களில் கதிரையின் மரம் ஈரமாக இருக்கும். நான் பயப்படுவதில்லை. வாசகி வந்தால் ஏன் பயப்பட வேண்டும்?

போன சித்திரையில் நீர் ஒரு கேள்வி எழுதினீர்: நாங்கள் வளர்த்த நாயின் பெயர் என்ன அம்மா, எனக்கு மறந்துபோச்சு என்று. அக்கா எனக்கு நாயைப் பற்றிச் சொன்னதேயில்லை. நான் ஒரு பெயர் வைத்தேன். நல்ல பெயர்தான். உங்களிடம் நாயே இருந்ததில்லை என்று நேற்று நீர் சொன்னபோதுதான் அது எனக்கு வைத்த பொறி என்று விளங்கியது. கெட்டிக்காரன். நீர் எழுதத் தொடங்கினால் நன்றாக வருவீர்.

ஆகவே, தம்பி, அம்மா தவறி விழவில்லை. நான்தான் அனுப்பினேன். வவுனியாவுக்குப் போய் உம்மைக் காணக்கூடாது என்பதற்காக அனுப்பினேன். துருசடியில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று எழுதுவதற்கு முதல்நாள் தடி விட்டுப் பார்த்தேன். ஒன்றும் விடாமல் எழுதச் சொன்னீர், இதுதான் எல்லாம். யாரிடம் காட்ட வேண்டுமோ காட்டும். நான் இங்கேதான் இருப்பேன்.

ஒரு சின்ன விஷயம். அக்காவின் தலையணைக்குள் இருந்ததென்று நேசமலர் உம்மிடம் தந்த அந்த நாலு தாளுக்கும் என்னிடம் பிரதி இல்லை. சண்டை ஓய்ந்து பாதை திறந்தால் 'குளத்தடி இராச்சியம்' புத்தகமாக வரவேண்டும். நான் எழுதியதில் ஆகச் சிறந்த அத்தியாயம் அதுதான், நீரும் வாசித்தபோது உணர்ந்திருப்பீர். விசாரணைக் காரியங்கள் முடிந்ததும் அவற்றைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பும். அக்காவும் அதைத்தான் விரும்புவா.