ஷெல் செய்தியும் ஹோட்டல் விளம்பரமும்

கொழும்பு வெள்ளவத்தை ரயில் ஸ்டேஷனில் எனக்குப் பக்கத்தில் வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள் நின்றார்கள்.

"எல்லா இணையத்தளத்துச் செய்தியையும் ஒரே இடத்தில காட்டுற அந்த சொஃப்ட்வெயரை நேற்று கம்ப்யூட்டரில இருந்து அழிச்சனான்," என்றாள் கண்ணாடி போட்டவள்.

"ஏன், நல்லதெண்டுதானே சொன்னனீர்?"

"இலவசமெண்டபடியால் பக்கத்தில விளம்பரம் வரும். அதைப் பொறுத்துக்கொண்டனான்." குரலைத் தணித்தாள். "நேற்று, சண்டை நடக்கிற வன்னியில, அக்கா இருக்கிற ஊரில ஷெல் விழுந்த செய்தி. பக்கத்தில, கடற்கரை ஹோட்டலுக்கு வாங்கோ எண்டு ஒரு குடும்பம் சிரிக்குது."

"அக்கா?"

"தெரியேல்ல. அங்க ஃபோன் இல்லை."

தெஹிவளைப் பக்கமிருந்து ரயில் வந்தது. தோழி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிச்சாப்பிறகு செய்தியை எப்படி அறிவீர்?"

"விடியவே திரும்பப் போட்டுட்டன். அக்காட ஊர்ப் பேர் முதல்ல அதிலதான் வரும்."